பெயரில்லாத சைக்கிளின் ஊரும் வயதும்

தேதி போடாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்வார்கள்? அரசன் பெயர் உடைந்து போயிருக்கும், ஆட்சியாண்டு இருந்த இடம் தேய்ந்திருக்கும். இருந்தாலும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே "இது இன்ன நூற்றாண்டு" என்று சொல்லிவிடுகிறார்கள். எழுத்து காலத்தோடு மாறிக்கொண்டே வந்திருப்பதால் அது முடிகிறது. எந்த மாற்றம் எப்போது வந்தது என்று தெரிந்திருந்தால் போதும்.

பழைய சைக்கிள் பிரேம்களையும் இதே முறையில் படிக்கலாம். பெயர்ப் பட்டை இல்லை, ஸ்டிக்கர் இல்லை, மேலே நாலு பூச்சு பெயிண்ட். பார்த்தால் வெறும் இரும்புக் குழாய். ஆனால் அந்தக் குழாயின் விட்டம், மரையின் எண்ணிக்கை, முலாமின் நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு எழுத்து. பொறுமையாகக் கூட்டிப் படித்தால் வண்டி பிறந்த ஊரையும் ஏறக்குறைய வயதையும் சொல்லிவிடலாம்.

"இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் :-)

பெயர் எப்படித் தொலைந்தது?

சைக்கிள் கம்பெனிகள் பெயரில்லாமல் வண்டி விற்கவில்லை. முன்பக்கக் குழாயில் பித்தளை அல்லது அலுமினியப் பட்டை, பிரேம் முழுக்கத் தங்க நிறக் கோடுகள், பெயர் எழுதிய ஒட்டுப்படம் என்று அலங்காரத்தோடுதான் அனுப்பினார்கள். பெயர் தொலைந்ததெல்லாம் பிறகுதான்.

நம் ஊரில் முதல் காரணம் வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வண்டிகளை யாரும் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்து, மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் எழுதிவிடுவார்கள். இரண்டாவது, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வீட்டிலேயே பிரஷ்ஷால் அடிக்கிற கறுப்புப் பெயிண்ட். மூன்றாவது, துரு. நான்காவது, பழைய பட்டையைக் கழற்றித் தனியாக விற்கிற வழக்கம்.

இதில் முதல் இரண்டும் நமக்கு உதவி என்றே சொல்ல வேண்டும். மேல் பெயிண்ட் அடியில் இருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

கொஞ்சம் வரலாறு

ஒரே அளவுள்ள இரண்டு சக்கரம், பின் சக்கரத்துக்குச் செயின் என்ற அமைப்பை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ல் செய்த ரோவர் சைக்கிள். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் இன்று நாம் பார்க்கும் சாய்சதுர பிரேம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதன் பிறகு பிரேமின் வடிவம் பெரிதாக மாறவே இல்லை. அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்து வயது சொல்ல முடியாது, கிட்டப் போய் அளக்க வேண்டும்.

இங்கிலாந்தில் சைக்கிள் தொழில் முக்கியமாக மூன்று ஊர்களில் இருந்தது. கவென்ட்ரி, பர்மிங்காம், நாட்டிங்ஹாம். ராலே நாட்டிங்ஹாமைச் சேர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் பர்மிங்காம் பக்கம். ராலே ஒவ்வொரு கம்பெனியாக விழுங்கி வந்தது: 1932ல் ஹம்பர் சைக்கிள், 1943ல் ரட்ஜ், 1957ல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு. இன்னொரு பக்கம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற குழாய்க் கம்பெனிக் கூட்டம் 1946ல் ஹெர்குலிஸை வாங்கியது. 1960ல் இந்த இரண்டு முகாமும் ஒன்றாகிவிட்டன. இந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். வயது கணிக்கும்போது கை கொடுக்கும்.

நம் நாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சைக்கிள் இறக்குமதியானது. முழு வண்டியாக வந்ததும் உண்டு, பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டதும் உண்டு. 1930களில் மலிவான ஜப்பான் வண்டிகளும் பாகங்களும் போட்டிக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, உள்நாட்டு ஆலைகள் முளைத்தன. சென்னையில் முருகப்பா குழுமம் மேலே சொன்ன டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் 1951ல் ஹெர்குலிஸ் தயாராக ஆரம்பித்தது. வங்காளத்தில் அசன்சோல் அருகே சென்-ராலே ஆலை 1950களின் தொடக்கத்தில் ராலே, ஹம்பர், ரட்ஜ் வண்டிகளை இங்கேயே செய்தது. சோனேபத்தில் அட்லஸ் 1951லும், லூதியானாவில் ஹீரோ 1956லும் வந்தன.

ஆக, "ராலே" என்று பெயர் இருந்தால்கூட அது நாட்டிங்ஹாமா அசன்சோலா என்ற கேள்வி மிச்சமிருக்கும். பெயரே இல்லாவிட்டால்? சரி, கருவிகளை எடுப்போம்.

ஊர் எது?

தேவையானவை: ஒரு வெர்னியர் காலிப்பர் (பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் லேபில் பிடித்தோமே, அதேதான்), லேத் பட்டறையில் இருக்கும் மரை அளக்கும் கேஜ், பென்சில், மெல்லிய காகிதம்.

1. குழாயின் விட்டம். உட்கார்ந்து போகும் பாரை முதலில் அளக்க வேண்டும். 25.4 மில்லிமீட்டர் வந்தால் சரியாக ஒரு அங்குலம், அதாவது இங்கிலாந்து வழி. 26 வந்தால் பிரெஞ்சு வழி. சீட் மாட்டும் செங்குத்துக் குழாய் இங்கிலாந்து அளவில் 28.6, பிரெஞ்சு அளவில் 28. பெயிண்டின் கனம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் சுரண்டிய இடத்தில் அளப்பது நல்லது.

2. பெடல் அச்சு ஓடும் உருளை. பிரேமின் அடியில் குறுக்காக இருக்குமே, அதுதான். பிரேமில் மிக முக்கியமான சாட்சி இதுவே. உள்ளே இருக்கும் கப்பைக் கழற்றி மரையைப் பாருங்கள். பிரெஞ்சு வண்டியில் விட்டம் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இத்தாலி வண்டியில் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்தின் பொது அளவு 1.37 அங்குலம், 24 மரை. செயின் பக்கத்துக் கப் எந்தப் பக்கம் திருகினால் கழல்கிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்து வண்டியில் அது இடது மரை, பிரெஞ்சிலும் இத்தாலியிலும் சாதாரண வலது மரை.

3. இங்கேதான் ராலே தன்னைக் காட்டிக்கொடுக்கும். நாட்டிங்ஹாம் ஆலையில் பெருமளவில் செய்த வண்டிகளுக்கு அவர்கள் சொந்த அளவு வைத்திருந்தார்கள்: 1⅜ அங்குலம், 26 மரை. விட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மரையை எண்ணினால் அரை அங்குலத்துக்கு மற்றவர்களுக்கு 12, ராலேவுக்கு 13. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் கப்பிலும் இதே 24, 26 வித்தியாசம் உண்டு. எண்ணிக் களைத்துவிட்டால் கேஜை மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடுக்கில் ஒளி தெரியாவிட்டால் அதுதான் அளவு.

4. போக்ஸ் கம்பி. முன்னே 32, பின்னே 40 என்றால் இங்கிலாந்து வழி. நம்மூர் வண்டிகளும் அதைத்தான் பின்பற்றின. இரண்டிலும் 36 என்றால் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா. (சக்கரம் மாற்றக்கூடிய பொருள், எனவே இது துணைச் சாட்சி மட்டுமே.)

5. உருவங்கள். பெயர் போனாலும் வடிவம் போகாது. பெடல் பல்சக்கரத்தின் நடுவில் நாரைத் தலைகள் வெட்டியிருந்தால் ராலே, விரித்த கை இருந்தால் ரட்ஜ், வரிசையாக மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாயாக மொத்தம் நான்கு இருந்தால் அதுவும் ஹம்பரின் அடையாளம்.

6. பட்டை இருந்த துளைகள். முன்பக்கக் குழாயில் எத்தனை துளை, மேலும் கீழுமாகவா, இடமும் வலமுமாகவா, எவ்வளவு இடைவெளி? இதைக் குறித்துக்கொண்டு பழைய பட்டைகளோடு ஒப்பிடலாம். துளையே இல்லாவிட்டால் அங்கே ஒட்டுப்படம் இருந்திருக்கும்.

7. எண். சீட் குழாயின் மேல் மூட்டு, பெடல் உருளையின் அடிப்பகுதி, பின் சக்கரம் மாட்டும் முனை, இந்த மூன்று இடத்திலும் தேடுங்கள். பெயிண்ட் மூடியிருந்தால் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழும்பி வரும். கல்வெட்டை மைப்படி எடுப்பது போலத்தான். ஆனால் எண் தனியாகப் பேசாது. கம்பெனியின் பேரேடு இருந்தால்தான் அதற்கு அர்த்தம். முதலில் கம்பெனி, பிறகு எண் என்ற வரிசையை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

வயது என்ன?

ஊரைவிட வயது கடினம். இங்கே நாம் தேடுவது இரண்டு எல்லைகள். "இதற்கு முன் இருக்க முடியாது" என்பது ஒன்று, "இதற்குப் பின் இருக்க முடியாது" என்பது இன்னொன்று. உண்மை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

முலாம் நல்ல முன் எல்லை. பளபளக்கும் பாகங்கள் பழைய காலத்தில் நிக்கல் முலாம். அது லேசான மஞ்சள் சாயலோடு வெதுவெதுப்பாக மின்னும். நீலம் கலந்த வெண்மையாகக் கண்ணாடி போல மின்னினால் குரோமியம். சைக்கிளுக்குக் குரோமியம் வந்தது 1920களின் இறுதியில்தான். ஒரு எச்சரிக்கை: குரோமியத்தை நிக்கல் மேல்தான் பூசுவார்கள். தேய்ந்த குரோமியத்தின் அடியில் நிக்கல் எட்டிப் பார்க்கும். எனவே கை படாத மூலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முலாமே இல்லாமல் எல்லாப் பாகமும் கறுப்பாக இருந்தால் இரண்டாம் உலகப்போரை யோசிக்கலாம். நிக்கலும் குரோமியமும் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டதால் 1940களின் முதல் பாதியில் இங்கிலாந்தில் கைப்பிடி, ரிம் வரை கறுப்புப் பெயிண்ட்டே அடித்தார்கள்.

மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் மேலேயே ஆண்டும் மாதமும் இரண்டு சிறு எண்களாகக் குத்தியிருப்பது வழக்கம். 54 என்றால் 1954. (நம் ஊரில் கியர் வண்டி அபூர்வம் என்பது வேறு விஷயம்.)

பந்தய வகை பிரேம் என்றால் குழாயின் பெயர் உதவும். ரெய்னால்ட்ஸ் 531 என்ற இரும்புக் கலவை 1935ல் வந்தது. அந்த வகை நல்ல பிரேமில் சீட் கம்பியின் விட்டம் பெரும்பாலும் 27.2 மி.மீ. இருக்கும், சாதாரண ரோட்ஸ்டரில் 25.4. பின் சக்கரம் உட்காரும் இடைவெளியும் கியர் கூடக்கூட விரிந்துகொண்டே வந்தது: ஐந்து பல்சக்கரத்துக்கு 120 மி.மீ., ஆறு ஏழுக்கு 126, எட்டுக்கு 130.

கம்பெனி கைமாறிய ஆண்டும் ஒரு எல்லைதான். பி.எஸ்.ஏ. என்று தெரிந்த வண்டியில் ராலே ஆலையின் அடையாளங்கள் இருந்தால் அது 1957க்குப் பிந்தியது.

நம் ஊருக்கே உரிய ஒரு சாட்சியும் உண்டு, சைக்கிள் வில்லை. ஒரு காலத்தில் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு, ஆண்டு பொறித்த சிறு உலோக வில்லை கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் நிறுத்தி அபராதம். அந்த வில்லை ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டி அந்த ஆண்டிலாவது உயிரோடு இருந்தது என்பது உறுதி. ஊர்ப் பெயரும் கூடவே கிடைக்கும்.

ஏமாற்றும் சாட்சிகள்

பின் மட்கார்டின் நுனியில் வெள்ளைப் பட்டை பார்த்திருப்பீர்கள். 1930களில் இங்கிலாந்தில் இருட்டில் தெரிவதற்காகச் சட்டம் போட்டு வைத்தது அது. பிறகு அங்கே பின் விளக்கு கட்டாயமாகிக் காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நம்மூர் வண்டிகளில் தொடர்ந்தது. வெள்ளைப் பட்டையைப் பார்த்து "1930க்கு முன் இல்லை" என்று சொல்லலாம், "1930களின் வண்டி" என்று சொல்லக் கூடாது.

பி.எஸ்.ஏ.வின் மூன்று துப்பாக்கிச் சின்னமும் அப்படித்தான். அந்தக் கம்பெனி சைக்கிள் விற்றதோடு நிற்காமல் பாகங்களையும் யார் கேட்டாலும் விற்றது. சிறு பட்டறைகள் அதை வாங்கித் தங்கள் வண்டியில் பூட்டின. சின்னம் பாகத்துக்குச் சொந்தம், பிரேமுக்குச் சொந்தம் என்று கட்டாயமில்லை. ஹப்பில் "மேட் இன் இங்கிலாந்து" என்று இருந்தால் ஹப் இங்கிலாந்து, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, இன்று பழைய பட்டைகளின் நகல் கடையில் கிடைக்கிறது.

ஒரு உதாரணம்

எங்கள் தாத்தா ஓட்டிய சைக்கிள் ஊரில் மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருக்கிறது. பட்டை இல்லை, பிரேமில் ஒரு எழுத்து இல்லை. "சீமை ராலேடா, ஒரிஜினல்" என்பது பெரியப்பாவின் வாக்கு. வாங்க வந்த வியாபாரியும் அதையே சொல்லி, ஒரு ராலே பட்டை அடித்தால் இன்னும் நல்ல விலை போகும் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு அளந்தேன்.

பார் 25.4. சீட் குழாய் 28.6. சீட் கம்பி 25.4. செயின் பக்கத்துக் கப் இடது மரை. எனவே இங்கிலாந்து வழி ரோட்ஸ்டர். மரை? டவுனில் லேத் பட்டறை அண்ணன் கேஜ் வைத்துப் பார்த்தார். 24. ஹேண்டில்பார் கப்பிலும் 24. பல்சக்கரத்தில் நாரை இல்லை. ஃபோர்க்கின் தலையில் பெயிண்டுக்கு அடியில் நீல வெண்மைக் குரோமியம். அதே ஃபோர்க்கில் திருகிய பித்தளை வில்லை ஒன்று, அதன் மேலேயே இரண்டு பூச்சு பெயிண்ட். மெதுவாகச் சுரண்டியதும் 1958 என்று தெரிந்தது.

இப்போது கூட்டிப் படிப்போம். குரோமியம் இருப்பதால் 1920களின் இறுதிக்கு முன் இல்லை. வில்லை பழைய பெயிண்டுக்கு அடியில் இருப்பதால் யாரோ பிற்காலத்தில் மாட்டியதாக இருக்காது, எனவே 1958க்குப் பின் இல்லை. முலாம் இருப்பதால் போர்க்காலம் என்பதற்கு வாய்ப்புக் குறைவு. 24 மரை, நாரையும் இல்லை, ஆகவே நாட்டிங்ஹாமின் சாதாரண ராலே அல்ல. பர்மிங்காம் வழி வண்டி. அது பர்மிங்காமிலேயே செய்ததாகவும் இருக்கலாம், அதே குழாய்க் கம்பெனியின் கூட்டில் 1951க்குப் பிறகு அம்பத்தூரில் செய்ததாகவும் இருக்கலாம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நம்மூர் வண்டியா?" என்றார். இருக்கலாம் என்றேன். "அதுவும் சரிதான், நாற்பது வருஷம் நெல் மூட்டை சுமந்திருக்கே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பட்டை அடிக்கும் பேச்சு அதோடு நின்றது.

தெரிந்து என்ன ஆகப்போகிறது?

முதலாவது, காசு. "சீமை ஒரிஜினல்" என்று சொல்லி விற்கிறவரிடம் மரையைக் காட்டச் சொல்லுங்கள். பட்டையை யாரும் ஒட்டலாம், 24 மரையை 26 ஆக்க முடியாது.

இரண்டாவது எனக்கு அதைவிடப் பெரிது. நாட்டிங்ஹாமில் ராலேவின் பெரிய ஆலை 2002ல் மூடப்பட்டுவிட்டது. ஸ்டர்மி-ஆர்ச்சர் 2000ல் தைவான் கம்பெனிக்குப் போனது. அட்லஸின் கடைசிப் பெரிய ஆலை, சாஹிபாபாத்தில் இருந்தது, 2020 ஜூன் 3 அன்று நின்றது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது சோகமான பொருத்தம். ஆலைகள் போய்க்கொண்டிருக்கும்போது, எந்த வண்டி எங்கே பிறந்தது என்பதற்கு வண்டிதான் மிச்சமிருக்கும் ஆவணம். அதில் பொய்ப் பட்டை அடிப்பது கல்வெட்டின் மேல் வேறு அரசன் பெயரை வெட்டுவது போலத்தான்.

மூன்றாவது, சீமை என்றால் உசத்தி, நம்மூர் என்றால் மட்டம் என்ற எண்ணம். அந்தக் காலத்தில் ஓர் இளைஞன் மாதக்கணக்கில் சம்பளம் சேர்த்து வாங்கிய சைக்கிள் அம்பத்தூரில் செய்ததாக இருந்தால், அது ஒரு புதிய நாடு தன் கையால் செய்யக் கற்றுக்கொண்ட முதல் பொருட்களில் ஒன்று. அதை ராலே என்று சொல்லி மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் பெயரில்லாத வண்டி இருந்தால் செய்ய வேண்டியவை சுருக்கமாக:

- புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். தின்னர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். மெல்லிய நீர்த்தாள் கொண்டு ஈரமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் அடியில் தங்கக் கோடோ எழுத்தோ தெரியலாம்.
- எதையும் கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள்.
- அளவுகளை எழுதி வையுங்கள், "ஏறக்குறைய" போடாமல் மில்லிமீட்டரில்.
- வில்லை, பழைய ரசீது எது கிடைத்தாலும் வண்டியோடு வையுங்கள்.
- வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் ஆண்டு தவறலாம். ஆனால் "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள்.

கடைசியாகக் கிடைக்கும் விடை "1953 மார்ச்" என்று வராது. "1946க்கும் 1958க்கும் நடுவில், பர்மிங்காம் வழி" என்பது போலத்தான் வரும். அளந்து சொன்ன பன்னிரண்டு வருட இடைவெளி, அளக்காமல் சொன்ன ஒரு தேதியைவிட நம்பத்தகுந்தது.